மேட்டுக்கொல்லைச் சுடுமல்லி

சம்பங்கி செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணி லட்சுமியம்மாள் சொல்லிவிட்டாள்.

"உன் பூவெல்லாம் மேட்டுக்கொல்லையில நல்லா மலர்ந்து கெடக்குது. போய்ப் பார்த்துட்டு வந்து சோறு தின்னு."

"என் பூவா?"

"சுடுமல்லி. தை மாசம் சிங்காரப்பேட்டையிலருந்து கட்டிக் கொண்டாந்தியே, அதேதான். வேற யாரு நமக்குக் கொண்டாந்து குடுப்பா?"

பெங்களூர் பஸ் ஓசூரில் இறக்கிவிட, பாகலூர் சாலையில் வெயிலோடு நடந்து வந்தவளுக்கு முதலில் தாகம்தான் இருந்தது. பானையிலிருந்து தண்ணீர் மொண்டாள். அண்ணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பது போலவும், குடிக்கிற தண்ணீருக்கும் கணக்கு உண்டு என்பது போலவும் இருந்தது அந்தப் பார்வை.

பெங்களூரில் ஒரு பெண்கள் கல்லூரியின் ஹெர்பேரியத்தில் சம்பங்கிக்கு வேலை. காட்டிலும் மேட்டிலும் பிடுங்கி வந்த செடிகளைக் காகிதங்களுக்கு நடுவே வைத்து, மரச்சட்டத்தில் இறுக்கி உலர்த்தி, கெட்டித் தாளில் ஊசி நூலால் தைக்க வேண்டும். தாளின் மூலையில் செடியின் பெயர், எடுத்த ஊர், தேதி, எடுத்தவர் பெயர் எழுதி ஒட்டி அலமாரியில் அடுக்க வேண்டும். கல்யாணமான வருஷமே கோலாரில் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டவளைப் பெங்களூரில் சின்னம்மா வீட்டில் விட்டு மேலே படிக்க வைத்தது அப்பா. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று ஊரில் யாராவது கேட்டால் லட்சுமியம்மாள், "காய்ஞ்ச புல்லுக்குத் தையல் போடறா" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சம்பங்கியும் சில நாள் சிரித்திருக்கிறாள். அப்பா உயிரோடு இருந்தவரை சிரிக்க முடிந்தது.

சுடுமல்லியை அவள் தைத்திருக்கிறாள். சாண் உயரம், சொரசொரப்பான இலை, நுனியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. மேலே பார்த்தால் யாருக்கும் கெடுதல் நினைக்காத செடி. மண்ணுக்கடியில் அது சோளத்தின் வேரில் வாய் வைத்திருக்கும். சோளம் மழை பெய்தாலும் வாடும், எரு போட்டாலும் வெளுக்கும், நெருப்புப் பட்டதுபோல் இலை சுருளும். உலர்த்தினால் அந்த வெள்ளைப் பூ கரியாகிவிடும். அலமாரியில் இருக்கும் அத்தனை தாளிலும் அது கறுப்புதான். உயிரோடு பார்க்காதவர்கள் அதை வெள்ளை என்று நம்பமாட்டார்கள்.

தை மாதம் நடந்தது அவளுக்கு மறக்கவில்லை. கல்லூரித் தலைவி அம்மாவோடும் மாணவிகளோடும் சிங்காரப்பேட்டைப் பக்கம் செடி சேகரிக்கப் போயிருந்தாள். திரும்பும்போது பொங்கல் விடுமுறை. காகிதத்தைத் தினமும் மாற்றாவிட்டால் செடி பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் மரச்சட்டத்தை வீட்டுக்கே கொண்டு வந்தாள். கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாகப் பிரித்து உதறினாள். அண்ணி பார்த்துவிட்டு, "தூசியெல்லாம் வாசல்ல கொட்டாதே, அப்பறம் நான்தான் கூட்டணும். குப்பைக்குழியில உதறு" என்றாள். உதறினாள். சுடுமல்லியின் காய்கள் முற்றியிருந்தன. அதன் விதை கண்ணுக்கு விதையாகத் தெரியாது. பொடி. மூக்குப்பொடியைவிட நைஸ்.

சித்திரையில் அந்தக் குப்பை எருவாக மேட்டுக்கொல்லைக்குப் போனது.

இதெல்லாம் அண்ணி சொல்லாமலே சம்பங்கிக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே வரிசையாக மனசில் வந்து நின்றது. சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேட்டுக்கொல்லைக்குப் போனாள்.

அண்ணன் நாராயணப்பன் வரப்பில் நின்றிருந்தான். கொல்லையின் கீழ்ப்பக்கம் சோளம் ஆள் உயரம் இருந்தது. மேல்பக்கம் இடுப்புக்கு வரவில்லை. வெளுத்து, நுனி கருகி, அதன் காலடியில் மல்லிப்பூ சிந்தியது போல வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"பார்த்தியா?" என்றான் அண்ணன்.

அவள் குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள். தண்டு மட்டும் கையோடு வந்தது. வேர் சோளத்தை விடவில்லை.

"சென்னகிருஷ்ணன் கிட்ட என்னா சொல்லுவேன் இப்ப?"

சென்னகிருஷ்ணன் வேப்பனப்பள்ளிக்காரர். மாந்தோப்பும் மாங்காய் ஏற்றும் வண்டிகளும் உடையவர். அவர் மனைவி வழியில் இந்த ஊரில் ஒரு கிணற்றடி நிலம் அவருக்கு வந்திருந்தது. தூரத்திலிருந்து தண்ணீர் பாய்ச்ச ஆள் வைத்துக் கட்டுப்படியாகவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் வண்டி மாடுகளுக்குச் சோளத்தட்டு. சாலையோரம் பெரிதாக ஒரு மானாவாரிக் கொல்லை கிடைத்தால் கிணற்றடியைக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்வேன் என்றார். ஆடியில் வந்து பச்சைப் பயிரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போயிருந்தார். தீபாவளிக்கு முன்னால் பத்திரம் எழுதுவதாகப் பேச்சு.

"உன்னால கெட்டுது," என்றான் நாராயணப்பன். குரல் உயரவில்லை. "அப்பா நிலத்துல பங்கு வேணும்னு கேட்டியே, புதுச் சட்டம் வந்திருக்குது, பொண்ணுக்கும் உண்டுன்னு. இதோ இருக்குதே, உன் பங்கு. நீ கெடுத்தது உன் பங்குக்கு ஈடு. அதுக்கு மேல நீ என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது."

"அண்ணா, இது என்னாலதான்னு எப்படி..."

"வேற எப்படி? நீதான் படிச்சவ. நீயே சொல்லு, வேற எப்படி வந்துச்சு?"

அவள் கையிலிருந்த செடியை ஒரு செய்தித்தாள் துண்டில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பையில் சின்னப் பூதக்கண்ணாடி இருந்தது, எந்த நேரமும் இருக்கும். அதை எடுத்துப் பூவைப் பார்த்திருக்கலாம். எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்பதைப் பிறகு பல நாள் அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். வெள்ளைப் பூப்பூக்கும் சுடுமல்லியில் இரண்டு ஜாதி இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். பூவைத் தாங்கும் பச்சைக் குழலின்மேல் ஓடும் நரம்புகளை எண்ணினால் போதும். ஒன்றுக்கு ஐந்து, மற்றதற்குப் பத்து. மற்றபடி இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஊர்க்காரர்களுக்கு இரண்டும் சுடுமல்லிதான். சிங்காரப்பேட்டையில் எடுத்தது பத்து நரம்பு. இதுவும் பத்து என்றால்? அந்தக் கேள்விக்குப் பதில் கையிலேயே இருந்தது. அதனால்தான் பையின் வாயைச் சுருக்கி முடிச்சுப் போட்டாள். தெரியாமல் இருக்கும்வரை தான் பாதிதான் குற்றவாளி என்று தோன்றியது போலிருக்கிறது.

மறுநாள் ஊர்க்கிணற்றில் துணி துவைக்கப் போனபோது, பேச்சு அவளுக்கு முன்னாலேயே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. பூவம்மாள் குடத்தை இறக்கிவிட்டு, "ஏம்மா சம்பங்கி, உன் பொடவையைத் தனியாத் தொவைம்மா, எங்க வூட்டுலயும் சோளம் போட்டிருக்குது" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். சம்பங்கிக்கும் உதடு கோணியது. பாதி துவைத்த புடவையைப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பக்கத்துக் கொல்லைக்காரர் திம்மராயன் மட்டும் நேராகவே பேசினார். மாலூர்ப் பக்கமிருந்து வந்து, ஆறேழு வருஷத்துக்கு முன் இங்கே நிலம் வாங்கியவர். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் வந்து முடிப்பார்.

"என் கொல்லைக்கு இது தாண்டி வந்துதுன்னா, உங்க காலேஜுக்கே வந்து நிப்பேன். யாரு உங்க தலைவி? அவங்க முன்னாடி நின்னு கேப்பேன். ஹெண்மக்களுக்கு, பொண்ணுங்களுக்கு, இதைத்தான் சொல்லிக் குடுக்கறீங்களான்னு."

"வாங்க," என்றாள் சம்பங்கி.

"வாங்கன்றா பாரு," என்றார் திம்மராயன், அருகில் யாரும் இல்லாதபோதும் யாரிடமோ சொல்வது போல.

பெங்களூர் திரும்பியபின் அவள் வேலையில் தவறுகள் வந்தன. ஒரு தாளில் செடியைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். தலைவி அம்மா பார்த்துவிட்டு, "வேர் ஆகாயத்துல இருக்கே சம்பங்கி" என்று மட்டும் சொன்னார். பிரித்துத் திரும்பத் தைத்தாள். பிரிக்கும்போது ஓர் இலை உடைந்தது. உடைந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு, தான் தொட்ட இடமெல்லாம் இப்படித்தானோ என்று நினைத்தாள். கோலாரில் மாமியார் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். அவள் வந்த வேளை பசு செத்தது, அவள் வந்த வேளை மாமனார் விழுந்தார். அப்போது அதை அவள் நம்பவில்லை. அப்பா நம்பாதே என்றார். இப்போது அப்பாவும் இல்லை. பசு செத்ததற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல முடிந்தது போல, குப்பைக்குழிக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியவில்லை. இந்த முறை குற்றம் சொன்னவர்கள் பேசியது மூடநம்பிக்கை இல்லை, அவளுடைய படிப்பு. விதை பொடி, பொடி காகிதத்தில் ஒட்டும், உதறினால் விழும். இதை அவளே மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

இரவில் சின்னம்மா வீட்டில் படுத்திருக்கும்போது மேட்டுக்கொல்லைச் சோளம் அவள் கண்ணில் நிற்காது. அண்ணன் முகம்தான் நிற்கும். "உன்னால கெட்டுது" என்று சொன்னபோது அதில் கோபம் இல்லாமலிருந்தது அவளை உறுத்தியது. நிலம் போன ஆளுக்குக் கோபம் வர வேண்டாமா? கோபப்படக்கூட முடியாத அளவுக்கு அவனை நொறுக்கிவிட்டேன் என்று அதற்கும் தானே பொறுப்பேற்றுக்கொண்டாள். பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நாள் தோன்றியது. எழுதிக் கொடுத்தால் மனசு லேசாகும் என்று தோன்றிய அந்தக் கணம்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. அப்பா போனபின் இந்த உலகத்தில் காலூன்ற அவளுக்கென்று இருந்தது அந்தப் பங்கு ஒன்றுதான். வேலை போகலாம், சின்னம்மா வீட்டில் கல்யாணங்கள் வந்து இடம் போகலாம். மண் அவள் பேரில் இருந்தால் யாரும் 'எங்கே வந்தே' என்று கேட்க முடியாது.

ஒரு வியாழக்கிழமை, மாணவிகள் போனபின், அலமாரியிலிருந்து சிங்காரப்பேட்டைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எழுத்து அவளுடையதே. 'சோளக்கொல்லை, செம்மண், பூ வெள்ளை.' பையிலிருந்த செய்தித்தாள் மடிப்பைப் பிரித்தாள். மேட்டுக்கொல்லைச் செடி கறுத்துச் சருகாகியிருந்தது. ஒரு பூவை வெந்நீரில் போட்டு நனைத்தாள். குழல் மெதுவாகத் தளர்ந்து விரிந்தது. பூதக்கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பி எண்ணினாள்.

ஐந்து.

இன்னொரு பூவை நனைத்தாள். ஐந்து. அலமாரித் தாளிலிருந்து உதிர்ந்து உறைக்குள் கிடந்த பூவை நனைத்தாள். பத்து. ஆசைப்பட்டதைத்தான் கண் பார்க்கிறதோ என்று சந்தேகம் வந்தது. தலைவி அம்மா அறைக்கு இரண்டையும் ஒரு கண்ணாடித் தட்டில் கொண்டுபோய், எது எங்கே எடுத்தது என்று சொல்லாமல், "அம்மா, இது ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டாள்.

அவர் லென்சை வைத்துப் பார்த்தார். "ஒண்ணு எப்படி ஆகும்? எண்ணத் தெரியாதா உனக்கு? இது வேற, அது வேற." தட்டைத் திருப்பித் தந்துவிட்டு விடைத்தாள்களுக்குள் குனிந்துகொண்டார்.

நடைக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள் சம்பங்கி. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் முதலில் வந்தது களைப்பு. அதற்குப் பின்னால் மெல்ல ஒரு கேள்வி வந்தது. என்னால் இல்லை என்றால், யாரால்? ஐந்து நரம்புச் சுடுமல்லி அந்தக் கொல்லையில் எப்போதிருந்து இருக்கிறது?

சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் அண்ணியிடமே முதலில் சொன்னாள். அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் கொண்டுவந்தது வேற ஜாதி, அண்ணி. கொல்லையில இருக்கிறது வேற. நரம்பு எண்ணிப் பார்த்தேன்."

"எது நரம்பு?"

"பூவுக்குக் கீழே குழல் இருக்குதே, அதுமேல."

லட்சுமியம்மாள் முறத்தை மடியில் இறக்கினாள். "அரிசியில கல்லு பொறுக்கவே எனக்குக் கண்ணு தெரியல. இவ பூவுக்கு நரம்பு எண்ணிக்கிட்டு வந்திருக்கிறா. ஏன்டியம்மா, அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. அதுவும் சுடுமல்லி, இதுவும் சுடுமல்லி. அதுவும் சோளத்தைத் தின்னுது, இதுவும் தின்னுது. வேறன்னா எதுல வேற? உன் அலமாரியில வேற."

"அண்ணி, ஆட்டுக்கும் மாட்டுக்கும்..."

"எனக்குப் பாடம் எடுக்காதே. நீ எடுத்த பாடத்துக்கு நாங்க குடுத்தது போதும்."

நாராயணப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவன், வாளியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டான். சிரிக்கவில்லை. "வா இப்படி" என்று அவளை வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிப் போனான். வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றதும், சாதாரணமாக, விலை படியாத மாட்டைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னான்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"உன்னால இல்லேன்னு. அது அங்க எப்பவும் இருக்குது. அப்பாவுக்கும் தெரியும். அதனாலதான் அவரு அந்தக் கொல்லையில கொள்ளும் அவரையும் தவிர வேற போடமாட்டாரு. நீ கோலாருல இருந்த வருஷம் நான் அடம் பிடிச்சுச் சோளம் போட்டேன். மேலேருந்து கீழே வரைக்கும் வெந்துபோச்சு. ஊருல நாலு பேருக்கு ஞாபகம் இருக்கும். சொல்லமாட்டாங்க. நாளைக்கு அவங்க நிலம் விக்கறப்ப நான் வாயத் தொறக்காம இருக்கணுமில்ல?"

"இந்த வருஷம் ஏன் போட்டே?"

"சென்னகிருஷ்ணன் சோளம் வெளையுமான்னு கேட்டாரு. வெளையும்னேன். ஆடியில பச்சையாக் காட்டிட்டுப் பத்திரம் எழுதிடலாம்னு இருந்தேன். அவரு தீபாவளின்னாரு. அதுக்குள்ள பூத்துட்டுது."

சம்பங்கி அவன் கையிலிருந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் விளிம்பில் மாட்டின் எச்சில் நூலாகத் தொங்கியது.

"நாளைக்கு அவரு வராரு," என்றான் நாராயணப்பன். "உன்னைக் கேப்பாரு. படிச்ச பொண்ணு, நீ சொன்னா நம்புவாரு. நான்தான் கொண்டுவந்தேன், இந்த வருஷம்தான் வந்துச்சு, மேல்பக்கம் மட்டும்தான்னு சொல்லு. புதுசுன்னா ரெண்டு வருஷம் பிடுங்கினாப் போயிடும்னு அவருக்குத் தெரியும். பழசுன்னா தொடமாட்டாரு. கிணத்தடி நம்ம கைக்கு வந்ததும் அதுல உனக்குப் பாதி எழுதறேன். தண்ணி பாயற நிலம். இந்தக் கருகின மேட்டுல பாதியா, அதுல பாதியா, நீயே யோசி."

"இத்தனை நாளும் என்னாலன்னு சொன்னியே."

"சொன்னாத்தானே நாலு பேரு நம்புவாங்க. நீயே நம்பினே இல்ல?" இதைச் சொல்லும்போதுதான் அவன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "அது நல்லதுக்குத்தான். மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுது. நடிச்சிருந்தா உனக்கு வந்திருக்காது."

அவள் உள்ளே வந்தாள். அண்ணி தட்டு வைத்தாள், அதிசயமாக நெய்யும் விட்டாள். சம்பங்கி சாப்பிட்டாள். களி தொண்டையில் இறங்கும்போது, அண்ணன் சொன்னதில் தவறு எங்கே என்று பொறுமையாகத் தேடினாள். கணக்கில் தவறே இல்லை. ஒரு பொய். அதுவும் ஏற்கெனவே ஊரெல்லாம் நம்புகிற பொய், அவளே நம்பிய பொய். வாயை மட்டும் திறக்க வேண்டும். கிணற்றடியில் பாதி. வாழை வைக்கலாம். சென்னகிருஷ்ணன் யார் அவளுக்கு? அவர் மாடு எதைத் தின்றால் என்ன? கல்லூரி வரை செய்தி வந்தாலும் தலைவி அம்மா ஒரு வார்த்தை திட்டுவார், காகிதத்தை இனி எரிக்கச் சொல்வார், அவ்வளவுதான். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தவளுக்கு, கழிக்க முடியாமல் ஒன்று அடியில் நின்றது. ஊர்க்கிணற்றிலிருந்து ஈரப் புடவையோடு வந்த அன்று அண்ணன் வாசலில்தான் உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். சோற்றைத் தள்ளி வைத்ததைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குப் போகும்போது அவள் அவன் முன்னால் நின்று, "மன்னிச்சுடுண்ணா" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு, சரி என்பது போலத் தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டல் ஒன்றுதான் கிணற்றடி நிலத்துக்கு எதிராக அவள் பக்கம் இருந்தது.

மறுநாள் காலை சென்னகிருஷ்ணன் வில்வண்டியில் வந்து இறங்கினார். பருத்த, நிதானமான மனிதர். வீட்டுக்குள் வராமல் நேரே மேட்டுக்கொல்லைக்கு நடந்தார். நாராயணப்பன் கூடவே பேசிக்கொண்டு போனான். லட்சுமியம்மாளும் சம்பங்கியும் பின்னால் போனார்கள். வரப்பில் திம்மராயன் முன்னாலேயே நின்றிருந்தார்.

சென்னகிருஷ்ணன் மேல்பக்கத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, தோள் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"இந்தப் பொண்ணுதானா?"

"என் தங்கச்சிதாங்க. தெரியாமப் பண்ணிட்டுது. படிப்பு வேலை."

"ஏம்மா. உங்க அண்ணன் சொல்றது நெசமா? நீ கொண்டாந்ததா இது?"

சம்பங்கிக்கு 'ஆமாம்' என்று சொல்ல வாய் தயாராகவே இருந்தது. இத்தனை நாளும் அதைத்தானே சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. சென்னகிருஷ்ணனின் முகத்தை, பேரம் படியும் முகத்தை, பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லப் போவதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"இல்லீங்க," என்றாள்.

லட்சுமியம்மாள் அவள் முழங்கையைப் பிடித்து நகத்தை அழுத்தினாள்.

"இது இந்தக் கொல்லையில பழசா இருக்குது. எங்க அப்பா காலத்துக்கும் முன்னாடியிலருந்து. விதை மண்ணுக்குள்ள எத்தனை வருஷம் வேணும்னாலும் தூங்கும். சோளம் போட்டா எழுந்திரிக்கும். பிடுங்கினாப் போவாதுங்க."

"பைத்தியம் மாதிரிப் பேசுது," என்றான் நாராயணப்பன். "புருஷன் வூட்டுலருந்து வந்ததுலருந்து இப்படித்தான்."

"நேத்து போருக்குப் பின்னால நீ சொன்னதைத்தான் சொல்றேன்."

திம்மராயன் கன்னடத்தில் ஏதோ முனகிவிட்டு, நாராயணப்பனிடம் திரும்பினார். "அப்போ எனக்கு நிலம் வித்தானே, அவனுக்கும் இது தெரிஞ்சிருக்கும். உனக்கும் தெரியும். எல்லாருமாச் சேர்ந்து என்னை ஒக்கார வெச்சுட்டீங்க."

சென்னகிருஷ்ணன் துண்டைத் தோளில் போட்டார். நாராயணப்பனை அவர் திட்டவில்லை. நில விவகாரத்தில் ஆளுக்கு ஆள் இப்படிச் செய்வது அவருக்குப் புதிதல்ல என்பது போல ஒரு தலையசைப்பு மட்டும். வண்டிக்குப் போகும்போது சம்பங்கி முன்னால் நின்றார். அவர் ஏதாவது நல்லதாகச் சொல்வார் என்று, தான் எதிர்பார்க்கிறோம் என்பதே தெரியாமல், அவள் எதிர்பார்த்தாள்.

"என் மாடு பொழைச்சுது, சரி. கூடப் பொறந்தவனை இப்படி வெளி ஆளுங்க முன்னால நிறுத்தின பொண்ணுக்கு எந்த வூட்டுல தண்ணி குடுப்பாங்க? போன இடத்துலயும் இப்படித்தான் பேசினியா?"

வண்டி சாலையில் ஏறி, ஓசூர்ப் பக்கம் திரும்பியது.

நாராயணப்பன் அவளை அடிக்க வருவான் என்று நினைத்தாள். அவன் வரவில்லை. வரப்பில் உட்கார்ந்து, வெளுத்த சோளத்தில் ஒரு தோகையைக் கிழித்து, விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். லட்சுமியம்மாள்தான் பேசினாள். தெலுங்கில் அவள் பிறந்த வீட்டு வசைகளையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மூச்சு வாங்கி, தமிழில், "இனிமே எங்க வூட்டு வாசப்படி மிதிச்சே, காலை ஒடிப்பேன்" என்றாள்.

"மிதிக்கல அண்ணி. பங்கைப் பிரிச்சுக் குடுங்க. அதைத் தவிர நான் வேற எங்கேயும் வரமாட்டேன்."

"இன்னும் பங்கா?" என்றான் நாராயணப்பன். எழுந்தான். இப்போது அவன் குரலில் கோபம் இருந்தது, உண்மையானது. சம்பங்கிக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது. "கிணத்தடி உனக்கு வேண்டாம். தண்ணி வேண்டாம். இதுதானே வேணும்? இந்தா. மேல்பக்கம் உனக்கு. பூத்திருக்கிற இடம் பூராவும் உனக்கு. திம்மராயா, நீயே சாட்சி. ஓசூருல வந்து எழுதிக் குடுக்கறேன், நாளைக்கே."

"அது வேண்டாம்னு சொல்லு," என்றாள் லட்சுமியம்மாள் அவளிடம், வெற்றி பெற்ற குரலில். "சொல்லேன். சரிபாதி வேணும், கீழ்ப்பக்கத்துலயும் வேணும்னு கேளேன். சட்டம் பேசுவியே."

கேட்கலாம். கேட்டால் மணியக்காரர், பஞ்சாயத்து, ஓசூர்க் கோர்ட்டு, வருஷக்கணக்கில் போகும். அதுவரை ஒரு பிடி மண்ணும் அவளுக்கு இருக்காது. அதை அண்ணனும் அறிவான். சம்பங்கி மேல்பக்கத்தைப் பார்த்தாள். சோளம் முட்டி உயரத்தில் செத்துக்கொண்டிருந்தது. அதன் கீழே வெள்ளைப் பூக்கள் காலை வெயிலில், ஒரு குறையும் இல்லாமல், செழிப்பாக நின்றன.

"மேல்பக்கமே போதும்," என்றாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

நாராயணப்பன் பதில் சொல்லாமல் நடந்தான். லட்சுமியம்மாள் அவன் பின்னால் ஓடினாள். "சும்மாப் பேச்சுக்குச் சொன்னேன்னு சொல்லிடு, எழுதிக் கிழிதிக் குடுத்துடாதே" என்று அவள் சொல்வது காற்றில் கேட்டது. அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

திம்மராயன் இன்னும் வரப்பில் நின்றிருந்தார். "என்னா போடப் போறே இதுல?" என்றார், விரோதம் குறையாமல்.

"கொள்ளு."

"கொள்ளு போட்டுச் சாப்பாட்டுக்கு ஆவுமா?"

"ஆவாது."

"உன் பக்கத்துலருந்து ஒரு பூ என் பக்கம் வந்துதுன்னா சொல்லிக்கிட்டு நிக்கமாட்டேன், வேலி போட்டு அடைச்சுடுவேன். வழி விடமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"வழி சர்க்கார் சாலையிலருந்து இருக்குதுங்க. உங்க பக்கம் நான் வரவேண்டியதில்ல."

அவர் காறித் துப்பிவிட்டுப் போனார்.

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேல்பக்கத்துக்குள் இறங்கினாள். விதை முற்றுவதற்குள் எவ்வளவு பிடுங்க முடியுமோ அவ்வளவு. குனிந்து முதல் செடியைப் பிடித்தாள். தண்டு உடைந்து கையோடு வந்தது. அடுத்ததற்கு ஒரு குச்சியை எடுத்து மண்ணைக் கிளறி, சோளத்தின் வேரோடு சேர்த்தே தோண்டினாள். சோளமும் சாய்ந்தது. எப்படியும் சாகப் போகிற சோளம்தான். கை மண்ணாகி, நகக்கண்ணில் ரத்தம் வந்தது. வீட்டுக் கூரைமேல் புகை எழும்பியது, அடுப்பு மூட்டிவிட்டார்கள். அவளை யாரும் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள். பஸ் மத்தியானம்தான், நாளைக்கு ஓசூரில் எழுத வேண்டியிருந்தால் அதுவும் இல்லை. ராத்திரி எங்கே தங்குவது என்று தெரியவில்லை. ஆனாலும் மனசு, ஒரு கெட்ட விதத்தில், நிறைந்திருந்தது. அந்த நிறைவை இனி யாரிடமிருந்தும் ஒளித்து வைக்க வேண்டியதில்லை. அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.